அனலைசரில் கம்பைலர் பில்டின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்-நார்த், அங் மோ கியோ, உட்லண்ட்ஸ் பக்கம் உட்பொதி மென்பொருள் எழுதும் நம்மவர்கள், தங்கள் குழுவின் அனலைசரை ஒரு புதிய கம்பைலருக்குப் பழக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. அனலைசர் என்றால் நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை தேடும் கருவி. கேள்விகளைக் கேட்டவர் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். ஃபங்ஷன் பெயர்களும் நிரல் வரிகளும் தமிழெழுத்தில்தான் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் அசல் பெயர் கிடைத்துவிடும். `__பில்டின்_` என்ற முன்னொட்டை ஒரு பெயர் முதன்முதலில் வரும்போது மட்டும் போட்டிருக்கிறோம்.

பில்டின்னா என்ன? அதுவும் ஒரு லைப்ரரி ஃபங்ஷன்தானே?

இல்லை. லைப்ரரி ஃபங்ஷனுக்கு ஒரு ஹெடரில் அறிவிப்பு இருக்கும், எங்கோ ஒரு கோப்பில் உடல் இருக்கும். பில்டினுக்குப் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. பெயரைப் பார்த்ததும் கம்பைலருக்கே அதன் பொருள் தெரியும். நேராக இயந்திரக் கட்டளையாகவோ மாறிலியாகவோ மாற்றிவிடும். `__பில்டின்_பாப்கவுன்ட்` ஓர் எண்ணில் எத்தனை பிட் 1 என்று எண்ணித் தரும். `__பில்டின்_அன்ரீச்சபிள்` ஒரு கட்டளையைக்கூட உருவாக்காது. "நிரல் இந்த இடத்துக்கு வரவே வராது" என்று நிரலாளர் கம்பைலருக்குக் கொடுக்கும் வாக்கு அது.

அனலைசருக்குத் தலைவலி தொடங்குவது இங்கேதான். படித்துப் புரிந்துகொள்ள உடல் இல்லை, வகையைத் தெரிந்துகொள்ள அறிவிப்பும் இல்லை. கம்பைலரின் தலைக்குள் இருப்பதை நாம்தான் கருவிக்குச் சொல்லித்தர வேண்டும்.

எங்க கோட்ல ஒரு இடத்துல கூட பில்டின் எழுதலையே. அப்புறம் ஏன் கருவி அதைச் சொல்லிப் புலம்புது?

நீங்கள் எழுதவில்லை, நீங்கள் சேர்த்த ஹெடர் எழுதியிருக்கிறது. ஜிசிசி என்ற கம்பைலரோடு வரும் ஹெடர்களில் `ஆஃப்செட்ஆஃப்`, `விஏ_ஸ்டார்ட்`, `விஏ_ஆர்க்` எல்லாமே பில்டின்களுக்கு மேல் போர்த்திய மேக்ரோக்கள், அதாவது கம்பைலுக்கு முன்பே வேறு உரையாக விரியும் பெயர்கள். ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் கணித ஹெடரில் `இன்ஃபினிட்டி`, `நான்` இரண்டும் பில்டின் அழைப்புகள். லினக்ஸ் கெர்னலின் `லைக்லி`, `அன்லைக்லி` இரண்டும் `__பில்டின்_எக்ஸ்பெக்ட்`. சந்தேகம் வந்தால் ஜிசிசிக்குப் பெரிய எழுத்து இ ஃபிளாக்கைக் கொடுத்து, மேக்ரோ விரித்த வெளியீட்டை எடுத்து அதில் தேடுங்கள்.

கருவி போடும் வேடமும் ஒரு காரணம். கருவியின் அமைப்பில் `__ஜிஎன்யுசி__` என்ற மேக்ரோவுக்கு 13 என்று கொடுத்தால், ஜிசிசி 13க்குத் தெரிந்ததெல்லாம் உனக்கும் தெரியும் என்று ஹெடர்கள் நம்பிவிடும். வேஷம் போட்டால் ஆடித்தான் ஆக வேண்டும்.

தெரியாத பில்டின் வந்தா கருவி என்னதான் பண்ணும்?

கருவிக்குக் கருவி மாறும். கண்டிப்பான கருவி அந்தக் கோப்பையே கைவிடும். அறிக்கை சுத்தமாக இருக்கும், எதையும் படிக்காததால். பழைய பாணிக் கருவி, அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் திருப்பித் தரும் என்ற 1989ஆம் ஆண்டு சி விதியைப் பிடித்துக்கொள்ளும். 1999 தரத்திலேயே அந்த விதி போய்விட்டது. நல்ல கருவி, மதிப்பு தெரியாது என்று வைத்துக்கொண்டு, அதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரும்.

இரண்டாவது வகை என்ன செய்யும் என்று ஒரே வரியில் பார்க்கலாம்:

`மேல்பாதி = __பில்டின்_பிஸ்வாப்64(சட்டகம்) >> 32;`

64 பிட் எண்ணின் பைட் வரிசையைத் திருப்பி, மேல் 32 பிட்டை எடுக்கும் சாதாரண வரி. திரும்பி வருவது இன்ட் என்று ஊகித்த கருவி, "32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்துவது வரையறுக்கப்படாத நடத்தை" என்று எச்சரிக்கும். எச்சரிக்கையோடு போனால் பரவாயில்லை. வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று மொழித்தரம் சொல்லாதது) வந்த இடத்திலேயே, தான் ஆராயும் ஓட்டப் பாதையை நிறுத்திவிடும் கருவிகள் உண்டு; அந்த வரிக்குக் கீழே இருப்பது எதுவும் அந்தப் பாதையில் பார்க்கப்படாது. மிஸ்ரா சி 2012 என்ற, பாதுகாப்பாக சி எழுதுவதற்கான விதித்தொகுப்பின் சரிபார்ப்பும் ஓடினால், ஃபங்ஷனை அறிவிக்காமல் அழைக்கக் கூடாது என்னும் 17.3 விதி மீறலும் கூடவே விழும். அது விலக்கு கேட்க முடியாத கட்டாய வகை விதி.

ஒரு ஸ்டப் ஹெடர் எழுதி எல்லா பில்டினையும் டிக்ளேர் பண்ணிட்டா வேலை முடிஞ்சிடாதா?

பாதி முடியும். ஸ்டப் ஹெடர் என்றால் கருவிக்காக மட்டும் நாம் எழுதும் போலி அறிவிப்புக் கோப்பு. வகை நிலையாக இருக்கும் பில்டின்களுக்கு, அதாவது பிஸ்வாப், பாப்கவுன்ட், ட்ராப் போன்றவற்றுக்கு, ஒரு வரி அறிவிப்பு போதும். மற்றவற்றில் கை வைத்தால் சுடும். `ஆஃப்செட்ஆஃப்` ஒரு வகையையும் உறுப்பின் பெயரையும் வாங்குகிறது, `__பில்டின்_டைப்ஸ்_கம்பேட்டிபிள்_பி` இரண்டு வகைகளை வாங்குகிறது. வகையை ஆர்கியூமென்டாக வாங்கும் ஃபங்ஷனை சி மொழியில் அறிவிக்கவே முடியாது. நிரலின் இலக்கணத்தைப் படிக்கும் பார்சரில்தான் தனி விதி எழுத வேண்டும். சி++ பக்கம் `__இஸ்_ட்ரிவியலி_காப்பியபிள்` போன்ற வகைக் கேள்விகளும் இப்படித்தான். அதில் பார்சர் தடுக்கி விழுந்தால் டைப்-ட்ரெய்ட்ஸ் ஹெடர் போய்விடும், அதைச் சேர்த்த கோப்பெல்லாம் பின்னாலேயே போகும்.

`__பில்டின்_சூஸ்_எக்ஸ்பர்` இன்னொரு பொறி. அதைக் கேள்விக்குறி-முக்காற்புள்ளிக் கோவையாக மேக்ரோ எழுதிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கேள்விக்குறிக் கோவை இரு கிளைகளின் வகைகளையும் கலந்து ஒரு பொது வகையாக்கும். `சூஸ்_எக்ஸ்பர்` அப்படிச் செய்யாது. தேர்ந்தெடுத்த கிளையின் வகை அப்படியே நிற்கும், தேர்ந்தெடுக்காத கிளையின் வகை அதோடு பொருந்தாவிட்டாலும் கேட்காது.

`__பில்டின்_விஏ_லிஸ்ட்` ஃபங்ஷனே இல்லை, ஒரு வகை. அதை கேரக்டர் பாயின்டர் என்று ஸ்டப்பில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. 64 பிட் லினக்ஸில் எக்ஸ்86 கணினியில் அது 24 பைட் கட்டமைப்பு ஒன்றைக் கொண்ட அர்ரே. பாயின்டருக்கு 8 பைட்தான். அளவு தவறுவது மட்டுமல்ல. ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது அர்ரே முகவரியாகப் போகும், கேரக்டர் பாயின்டர் நகலாகப் போகும். உள்ளே போய் `விஏ_ஆர்க்` செய்தால் வெளியே இருக்கும் பட்டியலும் நகர்ந்துவிடும் என்பது கருவிக்குத் தெரியாமல் போய்விடும்.

மிஸ்ரா ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒதுக்கப்பட்ட பெயர்களை டிஃபைன் செய்யவோ அறிவிக்கவோ கூடாது என்பது 21.1, 21.2 விதிகள். ஸ்டப் ஹெடர் இரண்டையும் வரிக்கு வரி மீறும். அதை சிஸ்டம் ஹெடர் கணக்கில் சேர்த்து எச்சரிக்கையை அணையுங்கள். முடிந்தால் ஹெடரே வேண்டாம். கருவியின் சிம்பல் டேபிளில் நேராக விதைத்துவிடுங்கள்.

அப்போ "முழு ஆதரவு"ன்னு எதைச் சொல்றீங்க?

மூன்று கேள்விக்குக் கருவியிடம் பதில் இருக்க வேண்டும். இதன் இலக்கணமும் வகையும் என்ன? கம்பைல் நேரத்திலேயே மதிப்பு கிடைக்க வேண்டிய இடத்தில் வந்தால் மதிப்பு என்ன? ஓடும்போது எதை மாற்றுகிறது, எதைத் திருப்பித் தருகிறது, திரும்பி வருகிறதா?

முதல் கேள்வியைத் தீர்த்ததுமே பிழைச்செய்தி நின்றுவிடும். பெரும்பாலான குழுக்கள் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. எங்கள் கணிப்பில் அதுதான் ஆபத்தான இடம். முன்பாவது கருவி தெரியாது என்று கத்திக்கொண்டிருந்தது. இப்போது தெரிந்ததுபோல் வாய் மூடிக்கொண்டு, உள்ளே எதையோ ஊகித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது கேள்விக்கு மாதிரி (பில்டின் எப்படி நடந்துகொள்ளும் என்று கருவிக்குச் சொல்லும் விவரிப்பு) எழுத நேரம் இல்லாவிட்டால் குறைந்தது இதைச் செய்யுங்கள்: திரும்பும் மதிப்பு, சரியான வகையில், "எதுவாகவும் இருக்கலாம்", பாயின்டராக அனுப்பிய ஒவ்வொன்றின் பின்னால் இருக்கும் நினைவகமும் "மாறியிருக்கலாம்", அறிக்கைக் கடைசியில் இந்த பில்டினுக்கு மாதிரி இல்லை, இத்தனை இடத்தில் வந்தது என்று ஒரு வரி.

எக்ஸ்பெக்ட் வெறும் குறிப்புதானே? அதை விட்டுட்டா என்ன ஆகிடும்?

குறிப்புதான், ஆனால் நிபந்தனைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குறிப்பு. `எக்ஸ்பெக்ட்` தன் முதல் ஆர்கியூமென்டை அப்படியே திருப்பித் தரும். இரண்டாவது, பெரும்பாலும் வரும் மதிப்பு எது என்று கம்பைலருக்குச் சொல்வது.

`இஃப் (__பில்டின்_எக்ஸ்பெக்ட்(பி == நல், 0)) ரிட்டர்ன் -1;`
`பி->எண்ணிக்கை++;`

திரும்பும் மதிப்பு தெரியாது என்று வைத்தால், `பி` எதையும் சுட்டாத நல் பாயின்டரா இல்லையா என்ற செய்தி அங்கேயே அறுந்துவிடும். அடுத்த வரியில் நல் பாயின்டர் எச்சரிக்கை வரும். கெர்னல் பாணியில் எழுதிய கோட் என்றால் இந்த ஒரு பில்டினாலேயே பொய் எச்சரிக்கை மழையாகக் கொட்டும்.

முதல் ஆர்கியூமென்டாக விரியும் ஒரு வரி மேக்ரோ இந்த இடத்தில் வேலை செய்யும், ஒரு ஓட்டையோடு. ஜிசிசியில் `எக்ஸ்பெக்ட்`டின் வகை லாங். 32 பிட் ஆர்ம் பலகையில் லாங் 32 பிட்தான். ஒவ்வொரு பிட்டும் ஓர் அடையாளமாக இருக்கும் 64 பிட் எண்ணை நேராக உள்ளே போட்டால் மேல் பாதி வெட்டுப்பட்டு, 40ஆவது பிட் மட்டும் 1 ஆக இருக்கும் எண் 0 என்று ஆகிவிடும். இது உண்மையான பிழை. மேக்ரோ அதை மறைத்துவிடும். கெர்னல் மேக்ரோவில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டு முதலில் 0 அல்லது 1 ஆக்குவது இந்த வெட்டையும் தவிர்த்துவிடுகிறது. எனவே கருவிக்குள் மாதிரி எழுதும்போது, "லாங்காக மாற்றி, பிறகு திருப்பிக் கொடு" என்று எழுதுங்கள்.

அன்ரீச்சபிள், ட்ராப், அஸ்யூம் மூணும் ஒண்ணுதானா?

கருவிக்குப் பாதையை வெட்டும் விஷயத்தில் நெருங்கிய சொந்தம், பொருளில் வேறு. `__பில்டின்_ட்ராப்` நிரலை உண்மையிலேயே நிறுத்தும். அங்கே போய்ச் சேர்வது நிரலாளர் விரும்பிய முடிவு, பாதையை அமைதியாக முடித்துவிடலாம். `அன்ரீச்சபிள்` இருக்கும் இடத்துக்கு நிரல் வந்தால் வரையறுக்கப்படாத நடத்தை. அங்கும் பாதையை முடிக்க வேண்டும். ஆனால் அந்த இடத்துக்கு உறுதியாக வர முடியும் என்று கருவியால் காட்ட முடிந்தால் அதைப் பிழையாகச் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் கட்டளையின் டிஃபால்ட் கிளையில் `அன்ரீச்சபிள்` போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ஸ்விட்ச் பார்க்கும் எனம் பட்டியலில் ஒரு புது மதிப்பைச் சேர்ப்பது நடக்கிற கதை.

கிளாங்கின் `__பில்டின்_அஸ்யூம்`, மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் `__அஸ்யூம்`, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பைலர்களின் `_என்அசர்ட்` மூன்றும் "இந்த நிபந்தனை உண்மை என்று வைத்துக்கொள்" என்பவை. அதை நம்பி நிபந்தனையைப் பாதையில் சேர்ப்பதுதான் வழக்கம், பொய் எச்சரிக்கை குறையும். ஆனால் நிபந்தனை தவறாக எழுதப்பட்டிருந்தால் உண்மைப் பிழைகளைக் கருவி நம் கையாலேயே மறைத்துவிடும். ஆகவே இரட்டை முறை வையுங்கள்: அன்றாட ஓட்டத்தில் நம்பு, வெளியீட்டுக்கு முந்தைய ஓட்டத்தில் அதே நிபந்தனையை முதலில் சோதி, பிறகு நம்பு. கிளாங்கில் அடைப்புக்குள் இருக்கும் கோவை ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளே `ஐ++` இருந்தாலும் `ஐ`யின் மதிப்பு கூடாமலே இருக்கும்.

கான்ஸ்டன்ட்_பி-க்கு 0 திருப்பணுமா, 1 திருப்பணுமா?

`__பில்டின்_கான்ஸ்டன்ட்_பி` கொடுத்தது மாறிலி என்று கம்பைலருக்குத் தெரிந்தால் 1, இல்லாவிட்டால் 0. தெரிவது ஆப்டிமைசேஷனைப் (நிரலை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்களை) பொறுத்தது. இன்லைன் ஃபங்ஷனுக்குள் வந்த எண்ணை, ஆப்டிமைசேஷன் இல்லாமல் 0 என்றும் அது இருந்தால் 1 என்றும் ஜிசிசி சொல்லலாம். எனவே ஒரே சரியான விடை கிடையாது.

நேரடி எண் மாறிலி என்றால் 1. `சூஸ்_எக்ஸ்பர்` போல மாறிலியே தேவைப்படும் இடத்தில், மாறிலியல்லாத கோவைக்கு 0 என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஓடும் நிரலின் நடுவே வந்து, முடிவு செய்ய முடியாவிட்டால் இரு கிளைகளையும் பாருங்கள். வாடிக்கையாளர் கையில் போவது ஆப்டிமைஸ் செய்த பைனரி, சோதனை மேசையில் ஓடுவது ஆப்டிமைஸ் செய்யாதது. இரண்டிலும் வேறு வேறு கிளை ஓடலாம். எப்போதும் 0 என்று வைக்கும் கருவிகள் பாதி நிரலைப் பார்க்காமலே நல்ல பெயர் வாங்குகின்றன.

ஆட்_ஓவர்ஃப்ளோ போட்ட இடத்துல எல்லாம் "மதிப்பு கொடுக்காத மாறி"ன்னு வருதே?

`__பில்டின்_ஆட்_ஓவர்ஃப்ளோ(ஏ, பி, &ஆர்)` மூன்றாவது ஆர்கியூமென்ட் வழியாக எழுதுகிறது என்பது கருவிக்குத் தெரியவில்லை. ஜிசிசி 5இல், 2015இல், வந்த தொகுதி இது. `ஏ`, `பி` இரண்டையும் எல்லையில்லாத துல்லியத்தில் கூட்டி, `ஆர்` வகைக்குள் அடங்கினால் 0, அடங்காவிட்டால் 1 திருப்பும். முக்கியமாக, அடங்காவிட்டாலும் `ஆர்`-இல் சுற்றி வந்த மதிப்பை எழுதிவிடும். அதனால் மாதிரியில் `ஆர்` எப்போதும் மதிப்பு பெற்றதுதான். மூன்று ஆர்கியூமென்டும் வேறு வேறு முழுஎண் வகையாக இருக்கலாம் என்பதால் ஒரே அறிவிப்பு எழுத முடியாது. ஸ்டப் பற்றிச் சொன்ன சிக்கல்தான்.

மாதிரியைப் பாதையோடு கட்டுங்கள். திரும்பிய மதிப்பு 0 ஆகும் கிளையில் `ஆர்` சரியான கூட்டுத்தொகை, 1 ஆகும் கிளையில் அது நம்பத்தகாதது. இப்படி வைத்தால் திரும்பும் மதிப்பைப் பார்க்காமல் `ஆர்`-ஐ நினைவக அளவாகப் பயன்படுத்தும் இடங்கள் தாமாகவே மாட்டும். சி23இல் வந்த `சிகேடி_ஆட்` இதே வேலையைச் செய்தாலும், அங்கே விடை எழுதும் பாயின்டர் முதல் ஆர்கியூமென்ட். ஒன்றுக்கு எழுதிய மாதிரியை மற்றதற்கு அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

சிடிஇசட்(0) வரையறுக்கப்படாததுன்னு கருவி சொல்லுது, ஆனா எங்க போர்டுல 32 ஒழுங்கா வருதே. பொய் எச்சரிக்கைதானே?

பொய்யில்லை. `__பில்டின்_சிடிஇசட்` கீழ்ப்பக்கமிருந்து எத்தனை 0 பிட் என்று எண்ணும், `__பில்டின்_சிஎல்இசட்` மேல்பக்கமிருந்து. இரண்டுக்கும் 0 கொடுத்தால் விடை வரையறுக்கப்படவில்லை என்று ஜிசிசி ஆவணமே சொல்கிறது. ஆர்மின் சிஎல்இசட் இயந்திரக் கட்டளை 0க்கு 32 தரும் என்பது உண்மை. ஆனால் கம்பைலர், "இது 0 ஆக முடியாது" என்று முடிவுகட்டி, அடுத்து வரும் 0 சோதனையையே தூக்கிவிடலாம். ஆர்ம் சிப்புகளுக்கான சிம்சிஸ் ஹெடர் தொகுப்பின் ஜிசிசி வடிவில் `__சிஎல்இசட்` இதற்காகவே 0 என்றால் 32 என்று தனியாகக் கையாள்கிறது.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கிப் பலகையை நினைத்துப் பாருங்கள். எந்தத் தளத்தில் பொத்தான் அழுத்தியிருக்கிறார்கள் என்பது `அழைப்புகள்` என்ற பிட் முகமூடியில் இருக்கிறது; அடுத்த தளம் `தளம் = __பில்டின்_சிடிஇசட்(அழைப்புகள்);`. பகலில் பிரச்சினையே வராது. விடியற்காலை மூன்று மணிக்கு யாரும் பொத்தானைத் தொடாதபோது முகமூடி 0. இன்னொன்று: டக்ஸ்டன் பினாக்கல் போல 50 மாடி என்றால் 64 பிட் முகமூடி தேவை. அதை `சிடிஇசட்`டுக்கே கொடுத்தால் அன்சைன்ட் இன்ட்டாகக் குறுகி, 31ஆவது பிட்டுக்கு மேல் உள்ள அழைப்புகள் காணாமல் போகும். கடைசியில் எல்எல் சேர்த்த `சிடிஇசட்எல்எல்` வேண்டும். மாதிரியில் ஆர்கியூமென்டின் வகை அன்சைன்ட் இன்ட் என்று சரியாக இருந்தால் இந்தக் குறுகலும் எச்சரிக்கையாக வந்துவிடும்.

விடையின் எல்லையையும் கருவிக்குச் சொல்லுங்கள். 32 பிட்டுக்கு `சிடிஇசட்`, `சிஎல்இசட்` 0 முதல் 31. `பாப்கவுன்ட்` 0 முதல் 32. `__பில்டின்_எஃப்எஃப்எஸ்` 0 முதல் 32, அதற்கு 0 கொடுத்தால் 0 என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. எல்லை தெரியாவிட்டால் 32 இடம் கொண்ட அர்ரேயில் இந்த விடையைச் சுட்டெண்ணாகப் போட்டதற்கெல்லாம் எல்லை மீறல் என்று வரும். ஜிசிசி 14இல் வந்த `சிடிஇசட்ஜி` எந்த அன்சைன்ட் வகையையும் வாங்கும்; இரண்டாவது ஆர்கியூமென்ட் கொடுத்தால் 0க்கு அதையே திருப்பும்.

கம்பைலரை மாத்தினதும் மெம்காப்பி எல்லாத்துக்கும் "இடம் போதாது"ன்னு கொட்டுது. ஏன்?

ஃபோர்ட்டிஃபை ஹெடர்கள், அதாவது எழுதுவது இடத்தில் அடங்குகிறதா என்று சரிபார்ப்பவை, உள்ளே வந்துவிட்டன. `_ஃபோர்ட்டிஃபை_சோர்ஸ்` மேக்ரோவும் `__ஆப்டிமைஸ்__` மேக்ரோவும் இருந்தால், ஜிலிப்சி, நினைவகத்தை நகலெடுக்கும் சாதாரண `மெம்காப்பி`யை நான்கு ஆர்கியூமென்ட் கொண்ட `__பில்டின்___மெம்காப்பி_சிஎச்கே` ஆக மாற்றும். நான்காவது, `__பில்டின்_ஆப்ஜெக்ட்_சைஸ்` தந்த அளவு. வெளியீட்டுக்காகக் கம்பைல் செய்யும்போது பயன்படும் மேக்ரோ பட்டியலை அப்படியே கருவிக்குள் இறக்கியிருந்தால் இது நடக்கும்.

இப்போது `ஆப்ஜெக்ட்_சைஸ்`-க்குத் தெரியாத நிலையில் என்ன திருப்புகிறீர்கள் என்று பாருங்கள். இரண்டாவது ஆர்கியூமென்ட் 0 அல்லது 1 என்றால், தெரியாதபோது விடை சைஸ்_டி வகையில் -1, அதாவது மிகப் பெரிய எண். 2 அல்லது 3 என்றால் 0. யாராவது எல்லாவற்றுக்கும் 0 என்று ஸ்டப் எழுதியிருந்தால், ஒவ்வொரு நகலுக்கும் "0 பைட் இடத்தில் எழுதுகிறாய்" என்றுதான் வரும். திருத்த இரண்டு வழி: ஸ்டப்பைச் சரிசெய்யுங்கள், அல்லது அனலைசருக்கான ஓட்டத்தில் ஃபோர்ட்டிஃபையை 0 ஆக்கிவிடுங்கள். எங்களுக்கு இரண்டாவதே பிடிக்கும். கருவியின் சொந்த `மெம்காப்பி` மாதிரி எப்படியும் இதைவிட நன்றாகவே இருக்கும்.

அட்டாமிக் பில்டின்களைச் சாதாரண ரீட், ரைட்னு வச்சுக்கலாமா?

அட்டாமிக் என்றால் நடுவில் வேறு த்ரெட் புக முடியாத செயல். ஒற்றை த்ரெட் சோதனைகளுக்கு வைக்கலாம், ஒன்றைத் தவிர. `__அட்டாமிக்_கம்பேர்_எக்ஸ்சேஞ்ச்_என்` தோற்றால், எதிர்பார்த்த மதிப்பு இருக்கும் மாறியில் உண்மையில் இருந்த மதிப்பை எழுதிவிடும். அதை மாதிரியில் விட்டால், மறுமுயற்சி லூப்பில் பழைய மதிப்பே நிற்கிறது என்று கருவி நினைத்து, லூப் முடியவே முடியாது என்று எச்சரிக்கும். டேட்டா ரேஸ் (இரண்டு த்ரெட்கள் ஒரே மாறியில் மோதுவது) தேடினால் இவற்றைத் தனி வகையாகக் குறித்தே ஆக வேண்டும். நினைவக வரிசை ஆர்கியூமென்டையும் பாருங்கள்: லோடுக்கு ரிலீஸ் வரிசை கொடுப்பதும் ஸ்டோருக்கு அக்வயர் கொடுப்பதும் செல்லாது. சுலபமாக எழுதிவிடலாம், உடனே பலன் தரும் சோதனை.

ஐஏஆர், ஆர்ம்சிசி மாதிரி உட்பொதி கம்பைலர்களுக்கும் இதே பட்டியல் போதுமா?

போதாது. அங்கே முன்னொட்டே வேறு: ஐஏஆரில் `__டிசேபிள்_இன்டரப்ட்`, `__கெட்_இன்டரப்ட்_ஸ்டேட்`, `__செட்_இன்டரப்ட்_ஸ்டேட்`. இவற்றுக்குத் திரும்பும் மதிப்பைவிட விளைவு முக்கியம். இன்டரப்ட்டை அணைத்ததற்கும் திறந்ததற்கும் இடையே உள்ள பகுதி பூட்டு போட்டதுபோல. அது தெரியாத கருவி, இன்டரப்ட் ஹேண்ட்லரோடு பகிரும் மாறிகளுக்கெல்லாம் ரேஸ் என்று சொல்லும். நிலையைச் சேமிக்காமல் அணைத்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடும் நிரலையும் கவனியுங்கள். ஏற்கெனவே அணைத்திருந்த இடத்திலிருந்து அழைத்தால் அது தவறாகத் திறந்துவிடும்.

பெயர் ஒன்றே, வகை வேறு என்பதும் நடக்கும். பழைய ஆர்ம்சிசியின் `__டிசேபிள்_ஐஆர்க்யூ` முன்பிருந்த இன்டரப்ட் மறைப்பு நிலையை இன்ட்டாகத் திருப்பித் தரும் வடிவம் கொண்டது. சிம்சிஸின் ஜிசிசி ஹெடரில் அதே பெயர் எதையும் திருப்பாது. ஆகவே எல்லாக் கம்பைலருக்கும் ஒரே பெரிய பட்டியல் வைக்காதீர்கள், கம்பைலருக்கு ஒன்று வையுங்கள்.

ஆயிரக்கணக்குல இருக்கே, எல்லாத்துக்கும் மாதிரி எழுத முடியுமா?

வேண்டாம். எண்ணிக்கையைப் பெருக்குவது ஒவ்வொரு சிப்புக்கும் உரிய வெக்டர் பில்டின்கள். எக்ஸ்86இல் `__பில்டின்_ஐஏ32_` என்று தொடங்குபவை. இவற்றுக்குச் சரியான வகையும் "விடை தெரியாது, நினைவகத்தைத் தொடாது" என்ற மாதிரியும் போதும். லோட், ஸ்டோர் வகைகளை மட்டும் தனியே பிரித்துக் குறியுங்கள்.

மற்றதை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். உங்கள் திட்டம் முழுவதையும் மேக்ரோ விரித்து, பில்டின் பெயர்களைப் பொறுக்கி, எத்தனை முறை வருகிறது என்று வரிசைப்படுத்துங்கள். அழைப்புகளில் பெரும்பங்கை ஒரு சின்னக் கூட்டமே பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்: பாதையை முடிப்பவை, பாயின்டர் வழியாக எழுதுபவை, நினைவகம் ஒதுக்கும் `__பில்டின்_அலோகா` போன்றவை ஒரே முறை வந்தாலும் முதலில் எழுதப்பட வேண்டியவை.

எங்க கருவி சிபிபிசெக், இல்லைன்னா கிளாங்கோடது. நாங்களும் இதெல்லாம் செய்யணுமா?

குறைவாக. கிளாங் ஸ்டேட்டிக் அனலைசர் கிளாங்கின் முகப்பையே பயன்படுத்துவதால் வகையும் இலக்கணமும் இலவசம். `எக்ஸ்பெக்ட்`, `அஸ்யூம்` போன்றவற்றுக்கு மாதிரியும் உள்ளேயே இருக்கிறது. ஜிசிசிக்கு மட்டும் உரியவைதான் தடுக்கும், உதாரணமாக `__பில்டின்_விஏ_ஆர்க்_பேக்`. சிபிபிசெக்கில் எக்ஸ்எம்எல் லைப்ரரிக் கோப்புகள் உண்டு. ஃபங்ஷன் திரும்பாது, இந்த ஆர்கியூமென்ட் நல் பாயின்டராக இருக்கக் கூடாது என்பதையெல்லாம் நிரல் எழுதாமலே சொல்லலாம். அதன் செக்-லைப்ரரி ஃபிளாக்கைப் போட்டால் எந்த ஃபங்ஷனுக்கு விவரம் இல்லை என்று பட்டியலிடும்.

நாம எழுதின மாதிரி சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வகைக்கு நிஜ கம்பைலரையே சாட்சியாக வையுங்கள். ஒவ்வொரு பில்டினுக்கும் `_ஸ்டேட்டிக்_அசர்ட்`டும் `_ஜெனரிக்`கும் கொண்ட ஒரு வரி: விடையின் வகை நாம் நினைப்பதுதானா என்று. அதே கோப்பைக் கம்பைலரிலும் அனலைசரிலும் ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கம்பைலர் பதிப்பு மாறும்போதெல்லாம் திரும்ப ஓட்டுங்கள்.

விளைவுக்கு ஜோடிச் சோதனை. எச்சரிக்கை வரவே வேண்டிய ஒன்று, வரவே கூடாத ஒன்று. வரக்கூடாததை மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், பாதையை முழுவதும் வெட்டிவிட்ட மாதிரியும் தேறிவிடும். `எக்ஸ்பெக்ட்`டுக்கு மேலே காட்டிய இரண்டு வரியே எச்சரிக்கை வரக்கூடாத சோதனை. அதில் `==` இருக்கும் இடத்தில் `!=` போட்டால் எச்சரிக்கை வர வேண்டிய சோதனை.

`__ஹேஸ்_பில்டின்` கேள்விக்குக் கருவி சொல்லும் பதிலையும் சோதியுங்கள். கிளாங்கில் பழையது, ஜிசிசியில் 10ஆம் பதிப்பிலிருந்து உண்டு. கருவி இல்லை என்று சொன்னால் ஹெடர் மாற்று வழியில் போகும். நாம் ஆராய்வது ஒரு நிரலாகவும் வெளியே போவது வேறு நிரலாகவும் ஆகிவிடும்.

நாங்களே சொந்தமா மெம்காப்பி எழுதி, ஃப்ரீஸ்டாண்டிங்ல கம்பைல் பண்றோம். கருவி எதை நம்பணும், எங்க உடலையா, தன்னோட மாதிரியையா?

ஃப்ரீஸ்டாண்டிங் ஃபிளாக் (வழக்கமான சி லைப்ரரி இல்லாத சூழல் என்பதற்கான குறி) போட்டால், `மெம்காப்பி` என்ற பெயருக்கு இருந்த சிறப்புப் பொருளை ஜிசிசி எடுத்துவிடும். ஆனால் `__பில்டின்_மெம்காப்பி` என்று முழுப் பெயரில் அழைத்தால் எந்த ஃபிளாக்கிலும் பில்டின் பொருள்தான். போதாக்குறைக்கு, கட்டமைப்பை நகல் எடுக்கும் சாதாரண வரிக்குக்கூட ஜிசிசி தானாகவே `மெம்காப்பி` அழைப்பை உருவாக்கலாம். அதனால் உங்கள் ஃபங்ஷன் தரத்தில் சொன்னபடி நடந்தே ஆக வேண்டும்.

எனவே அழைக்கும் இடங்களில் கருவியின் மாதிரியை நம்புங்கள். வேகமாகவும் இருக்கும், லூப்பை விரிக்கும் வேலையும் இல்லை. உங்கள் உடலைத் தனி ஃபங்ஷனாக ஆராயவிடுங்கள். ஒரே விதிவிலக்கு: மூன்றாவது ஆர்கியூமென்டைப் பைட்டாக அல்லாமல் நான்கு பைட் சொற்களின் எண்ணிக்கையாக வாங்கும் `மெம்காப்பி`யை யாரோ எழுதி வைத்திருந்தால், மாதிரியை அணைத்துவிட்டு உடலைப் படிக்கச் சொல்லுங்கள், அந்த ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வைக்கும் வரை.